பதினேழு பூட்டு

செப்டம்பர் 4, 2025

வேர்த்த பனியன் மூன்று. பிளாஸ்டிக் கவரில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் புதுக்கோட்டை வண்டி டிரைவரிடம் கொடுத்தேன். "என்னண்ணே, அழுக்குத் துணியா?" என்றார். ஆமாம் என்றேன். செல்விக்கு மானம் போகிறது. துவைக்காமல்தான் வேண்டும் என்று, எனக்காக நாய் பழக்குகிற ஹவில்தார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 7

3.10.

செப்டம்பர் 8

மறுபடி ராத்திரி 3.10-க்கு விழிப்பு. தூக்கத்தில் அதே தகரச் சத்தம். எழுந்து, நான் காவல் பார்க்கிற இந்தப் பெரிய வீட்டின் 17 பூட்டையும் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று கடைசி அடுப்படி வரை. அறைக்கு ஒரு பங்காளி, ஆளுக்கொரு ஊரில் சாவி. பூட்டு மட்டும் என் பொறுப்பு. இப்படி ராத்திரியில் எழுந்து போய்ப் பார்ப்பதை மதுரை டாக்டர் நோய் என்கிறார். வீட்டுக்கார ஆச்சி இதற்குத்தான் மாதாமாதம் சம்பளம் அனுப்புகிறார்கள்.

செப்டம்பர் 15

பனியன் எதற்கு என்று மகள் படித்துச் சொன்னாள். 2022-ல் பெல்ஃபாஸ்டில் 36 பேரை உட்கார வைத்து, 9000-லிருந்து பதினேழு பதினேழாகக் கழித்து வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்களாம். முன்னும் பின்னும் அவர்களுடைய வேர்வையையும் மூச்சையும் பிடித்து நாய்களிடம் நீட்டினால், 100-க்கு 93-க்கும் மேல் பதற்றத்தின் வாசனையைச் சரியாகக் காட்டியிருக்கின்றன. எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. ஏன் பதினேழு?

ராத்திரி கழித்துப் பார்த்தேன். 8983. 8966. 8949. அப்புறம் குழம்பிவிட்டது.

செப்டம்பர் 26

வந்துவிட்டாள். கருப்பு லாப்ரடார், 2 வயது, பெயர் மைனா. ஹவில்தாரே கூட்டிவந்தார். மீரட்டில் ராணுவ நாய்ப் பயிற்சி மையத்தில் இருந்தவர். "அங்க குண்டை மோப்பம் பிடிக்கப் பழக்கினேன். இவளுக்கு நீதான் குண்டு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலையில் காலை வைத்ததும் நாலு காலும் நாலு திசைக்குப் போயின. செல்வி ஓடிப்போய்ப் பழைய சாக்கு விரித்தாள்.

செப்டம்பர் 27

"மேலே" என்றால் முன்னங்கால்களோடு மார்பில் ஏறிப் படுத்துவிடுகிறாள். 28 கிலோ. அந்தப் பாரத்தில் மூச்சு தானாக மெதுவாகிறது. "அமுக்குவான் பேய் கேள்விப்பட்டிருக்கேன், அமுக்குற நாயை இப்பத்தான் பார்க்குறேன்" என்கிறாள் செல்வி.

வெங்காயம், திராட்சை இரண்டும் நாய்க்கு விஷமாம். சின்ன வெங்காயம் இல்லாமல் இந்த ஊரில் எதைச் சமைப்பது?

அக்டோபர் 2

சந்தையில் எனக்கு முதுகு கொடுத்துப் பின்னால் நின்றாள். யாரும் நெருங்கவில்லை. சுவரில் சாயாமல் கூட்டத்தில் நின்று எத்தனை வருஷம்! கத்தரிக்காயைப் பேரம் பேசிக்கூட வாங்கினேன்.

திரும்பும்போது நாயை பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று இறக்கிவிட்டார்கள். அமெரிக்காவில், வேலைக்கென்று பழக்கிய நாயைக் கடைக்குள்ளே விட்டாக வேண்டுமாம். சும்மா ஆறுதலுக்கு வளர்க்கிற நாய்க்கு அந்த உரிமை கிடையாதாம். அங்கே சட்டம் இருக்கிறது, இங்கே கண்டக்டர் இருக்கிறார். நடந்தே வந்தோம். அவள் பாதம் சுட்டிருக்கும்.

அக்டோபர் 6

2.50. தகரச் சத்தம் வருவதற்கு முன்னாலேயே கையை நக்கி எழுப்பிவிட்டாள். சந்தோஷம்தான் வரவேண்டும். கோபம்தான் வந்தது. எனக்குள்ளே இருப்பது எனக்கு முன்னால் இவளுக்கு எப்படித் தெரியலாம்? விடியும் வரை பேசவில்லை, நாயிடம்.

அக்டோபர் 9

ஆச்சி போன். தீபாவளிக்கு முப்பது பேர் வருகிறார்கள். "வளவுக்குள்ள நாய் வரப்படாதுப்பா."

"சரிங்க ஆச்சி."

அக்டோபர் 12

நேற்று முதல் பூட்டுச் சுற்று அவளுடையது. நான் முகப்பில் நிற்கிறேன். அவள் ஒவ்வொரு கதவடியிலும் மூக்கை வைத்துவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தால் யாரும் இல்லை என்று அர்த்தம். உட்கார்ந்தாள். நான் போய் 17-ஐயும் இழுத்துப் பார்த்தேன். ஹவில்தாரிடம் சொன்னதும் ஒரே ஏச்சு: "அவ பார்த்ததை நீ திரும்பப் பார்க்கவா அவளை அனுப்பினேன்?"

டாக்டர் வேறு மாதிரி சொல்கிறார். பூட்டைப் பார்க்க நாயை அனுப்புவதே பயத்துக்குத் தீனி போடுவதுதானாம். மாத்திரையைத் தொடரணும், பேச்சு சிகிச்சைக்கும் வரணும், நாய் கூடமாட உதவிக்கு மட்டும். இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. அதுதான் தொல்லை.

அக்டோபர் 13

இழுத்துப் பார்க்கவில்லை. 16-வது வரைக்கும்.

அக்டோபர் 17

தெருப் பிள்ளைகள் வெடியைக் காயவைத்திருக்கிறார்கள். மழை வரட்டும்.

அக்டோபர் 18

மழை வந்தது. நின்றுவிட்டது.

அக்டோபர் 19

இரண்டு வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். எல்லா அறையும் திறந்தாகிவிட்டது, பார்க்க ஒரு பூட்டு இல்லை. மைனாவைக் கொல்லையில் கட்டச் சொன்னார்கள். கட்டவில்லை, அவளோடு நான் கொல்லைக்கு வந்துவிட்டேன். ஆச்சி எட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. ஹவில்தார் போன் எடுக்கவில்லை.

9 மணிக்கே வெடி போட ஆரம்பித்துவிட்டார்கள். 8983. 8966. 8949. 8932. சொல்லாமலே ஏறிப் படுத்துவிட்டாள். வலது கை அவளுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இடது பெருவிரலால் தட்டுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால்