ஒளிக்குழிக்குள் ஓர் அணு: ஆய்வக நாட்குறிப்பு

மார்ச் 3

ஒளியை நடுவே அடைத்துவைக்கும் ஒளிக்குழியின் கண்ணாடிகள் இரண்டும் எதிரெதிரே பொருந்திவிட்டன. இடைவெளி 150 மைக்ரோமீட்டர், வளைவு ஆரம் 5 செ.மீ. இந்த அமைப்பில் 780 நானோமீட்டர் ஒளி நடுவில் 22 மைக்ரோமீட்டர் ஆரத்துக்குக் குறுகும். அவ்வளவு சிறிய இடத்தில் அடைபடுவதால்தான் ஒற்றை ஃபோட்டானின் மின்புலம்கூட ருபீடியம் அணுவை உலுக்குகிறது. கணக்கில் வரும் பிணைப்பு வீதம், அதாவது அணுவும் குழியும் ஆற்றலைப் பரிமாறும் வேகம், 19 மெகாஹெர்ட்ஸ்.

அணுவின் ஆற்றல் முழுவதும் குழிக்குப் போய்ச்சேர 13 நானோநொடி, திரும்பி வர இன்னொரு 13. முதல் 13-க்குள்ளேயே ஒளி அந்த இடைவெளியை 26,000 தடவை கடந்திருக்கும். எதிர்ப்பக்கம் இரண்டு கசிவுகள்: அணுவின் கிளர்நிலை (ஆற்றல் ஏறிய நிலை) ஆயுள் 26 நானோநொடி, ஃபோட்டான் கண்ணாடி வழியே தப்பிக்கும் காலம் 32. கொடுக்கல் வாங்கல் ஒரு சுற்று முடிவதற்குள் பாதிக்கு மேல் கரைந்துவிடும். இனி செய்யும் ஒவ்வொரு வேலையும் இந்த எண்களைக் காப்பாற்றத்தான்.

மார்ச் 5

குழியின் கோட்டகலம் (அது ஏற்கும் அதிர்வெண் பட்டையின் அகலம்) அளந்தாயிற்று: 5 மெகாஹெர்ட்ஸ், அதாவது ஃபினெஸ் (ஒத்ததிர்வின் கூர்மை) 2 லட்சம். கண்ணாடியைத் தாங்கும் பீசோவை (மின்னழுத்தம் கொடுத்தால் நீளும் துண்டு) நகர்த்தி அளக்கும்போது அதன் நகர்வு நேர்கோடாக இராது. நேர அச்சை அப்படியே நம்பினால் விடை பிசகும். லேசருக்கு 20 மெகாஹெர்ட்ஸ் பண்பேற்றம் கொடுத்தால் இருபுறமும் 20 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப் பக்கப்பட்டைகள் (துணைச் சிகரங்கள்) எழும். அவற்றுக்கிடையேயான 40 மெகாஹெர்ட்ஸ்தான் அளவுகோல்.

மார்ச் 9

குழியின் நீளத்தைப் பூட்டும் (மாறாமல் நிறுத்தும்) வேலை. ஒத்ததிர்வின் (ஒளி குழியோடு பொருந்தி வலுக்கும் நிலையின்) முழு அகலமே 2 பிக்கோமீட்டர் நகர்வுக்குச் சமம். அதில் பத்தில் ஒரு பங்குக்குள் நிற்க வேண்டும். ஓர் அணுவின் விட்டத்தில் ஐந்நூறில் ஒரு பங்கு! 780-இலேயே பூட்டினால் அந்த ஒளியே அணுவை நிறைவடையச் செய்து, சோதனை ஒளிக்கு அசையாதபடி ஆக்கிவிடும். அதனால் பதினாறு ஒத்ததிர்வுகள் தள்ளி, 814 நானோமீட்டரில் பூட்டு. பூட்டு ஒளி நுழையாதிருக்க, ஃபோட்டான் எண்ணிக்கு முன்னால் வடிகட்டி கட்டாயம்.

மார்ச் 12

கோட்டகலம் 6.3 ஆகிவிட்டது. பூட்டு ஆடவில்லை, ஒளியும் சரியாகவே நுழைகிறது. ருபீடியம் ஊற்று கண்ணாடிகளை நேராகப் பார்த்திருக்கிறது. பரப்பில் அணுக்கள் படிந்திருக்கின்றன. ஒவ்வொரு கண்ணாடியிலும் பத்து லட்சத்தில் வெறும் 4 பங்கு இழப்பு கூடினாலே இந்த அளவு கெடும். ஊற்றை அணைத்துவிட்டுப் புறஊதா எல்இடி ஒளியைப் பாய்ச்சியதில் 5.2-க்கு இறங்கியது. அடுத்த தடவை வெற்றிடக் கலத்தைத் திறக்கும்போது நடுவே ஒரு மறைப்புத் தகடு வைத்தே ஆக வேண்டும்.

மார்ச் 16

குளிர்வித்த அணுக்கள் 5 மில்லிமீட்டர் மேலிருந்து விழுகின்றன. 32 மில்லிநொடியில் குழியை அடைந்து, ஒளிப்பட்டையை 140 மைக்ரோநொடியில் கடக்கின்றன. சோதனை ஒளி சராசரி 0.1 ஃபோட்டான் மட்டும். வெளியே வருவது கால் பிக்கோவாட். காலிக் குழியில் அந்த 140 மைக்ரோநொடிக்குள் எண்ணியில் எழுபது சொடுக்குகள் (பிடிபட்ட ஃபோட்டான்கள்) விழும். அணு வந்ததும் ஒளி தடைபட்டு, திரையில் ஒரு பள்ளம்.

பள்ளங்கள் ஒரே ஆழத்தில் இல்லை. காரணம் நிலையலை: 390 நானோமீட்டருக்கு ஒரு கணு (மின்புலமே இல்லாத புள்ளி), அங்கே பிணைப்பு சுழி. பக்கவாட்டில் நொடிக்கு 4 செ.மீ. நகரும் அணு ஏறக்குறைய 10 மைக்ரோநொடிக்கு ஒரு கணுவைத் தாண்டுகிறது. அதற்குள் விழுவது நாலைந்து சொடுக்குகள்தான். ஏற்ற இறக்கம் எல்லாம் கலந்து சராசரியாகிவிடும்.

மார்ச் 20

814 நானோமீட்டர் ஒளியின் திறனைக் கூட்டி, அதையே அணுவைப் பிடித்துவைக்கும் பொறியாக்கினோம். அணு அதன் எதிர்க்கணுவில் (மின்புலம் உச்சமாக உள்ள புள்ளியில்) உட்காரும். இரண்டு ஒளிகளின் எதிர்க்கணுக்களும் 9.4 மைக்ரோமீட்டருக்கு ஒருமுறைதான் ஒன்றுசேரும். அந்த இடங்களுக்கு நடுவில் சிக்கிய அணுக்கள் பலவீனமாகப் பிணையும். ஆழமான பள்ளம் தந்தவற்றை மட்டும் எடுத்து, சோதனை ஒளியின் அதிர்வெண்ணை மெல்ல மாற்றி அலகீடு ஓட்டினால், ஒற்றைச் சிகரம் இரண்டாகப் பிளக்கிறது. இயற்பியலாளர்கள் ஜெயின்ஸும் கம்மிங்ஸும் 1963-இல் எழுதிய சமன்பாடு சொல்வது இந்தப் பிளவைத்தான். நடுவில் ஏறக்குறைய இருள், இருபுறமும் ஒளி. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது.

சிகரங்களின் உயரம் மட்டும் சமமில்லை. பொறி ஒளி அணுவின் அடிநிலையை (மிகக் குறைந்த ஆற்றல் நிலையை) இன்னும் தாழ்த்துவதால் அதன் அதிர்வெண் மேலே நகர்ந்துவிட்டது. நாளை குழியை அதே அளவு மேலே நகர்த்தி மறுபடி ஓட்ட வேண்டும்.