மூன்று குளம்பு முடிந்தது

என் குதிரை பேச்சிக்குக் குளம்பு சீவ வந்த லாடக்கார அண்ணாச்சி பாதியில் கிளம்பிப் போய் இன்றோடு 23 நாள். பாதி என்று சொல்வதுகூடத் தப்பு, முக்கால். முன்னங்கால் இரண்டையும் சீவி, இடது பின்னங்காலுக்கும் அரம் போட்டு மழமழவென்று முடித்துவிட்டு, வலது பக்கம் வந்து குனிந்தார். அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த தகர வாளி பறந்து போய் வாழைக்குள் விழுந்தது. அண்ணாச்சி நிமிர்ந்து அரத்தைத் துடைத்துப் பைக்குள் போட்டார்.

"தம்பி, இது இன்னைக்கு ஆவாது. நீ பழக்கி வச்சிட்டுச் சொல்லு, வாரேன். எனக்குப் பேரன் பேத்தி இருக்கு."

கூலியை மட்டும் நாலு குளம்புக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டார். அதைக் கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை, வாளி இன்னும் வாழைக்குள்தான் கிடந்தது.

பேச்சிக்கு இப்போது இரண்டேகால் வயது தாண்டிவிட்டது. போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கியது. மார்வாரி கலப்பு; காது உள்ளே வளைகிறது, ஆனால் நுனி இரண்டும் தொடுவதில்லை, நடுவில் ஒரு விரல் இடம் விட்டு நின்றுவிடுகிறது. நிறம் செவலை. பெயர் வைத்தது தங்கச்சி மகள். அம்மாவுக்கு அதில் இன்னும் வருத்தம்தான். "சாமி பேர வச்சிட்டு அத ஏசுனா நாக்கு அழுகிரும்" என்று சொல்லிவிட்டாள். அதனால் வீட்டில் யாரும் குதிரையைத் திட்டுவதில்லை. பழக்கலுக்கு இதைவிட நல்ல சட்டம் கிடையாது என்று இப்போது தோன்றுகிறது.

தலைக்கயிறு மாட்டுவது, கூட நடத்திப் போவது, வட்டத்தில் சுற்ற விடுவது, முன்னங்கால் தூக்குவது இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை, விட்டுவிடுகிறேன். சவுக்குக் கம்பு நட்டு 50 அடி வட்டம் போட்டிருக்கிறேன், அது போதும். பின்னங்காலுக்கு வருகிறேன்.

இடது பின்னங்கால் இப்படித்தான் வந்தது. ஐந்தடி மூங்கில் கம்பு, அதன் நுனியில் வைக்கோல் அடைத்த பழைய துணிக் கையுறை. அதை வைத்துச் சப்பையிலிருந்து தொடங்கி, தொடை வழியாக, பின்முட்டி தாண்டிக் கணுவரை தடவிக்கொண்டே இறங்குவேன். முதலில் கையுறையைத்தான் உதைப்பாள், உதைக்கட்டும். உதைக்கும்போது கம்பை எடுக்கக் கூடாது, கால் தரையில் அமைதியாக நிற்கும் அந்தக் கணத்தில் எடுக்க வேண்டும். இது நாலு நாள். அப்புறம் கையுறைக்குப் பதில் கை. தூர நின்று கையை நீட்டாமல் இடுப்பை அவள் சப்பையோடு ஒட்டி நிற்பேன். ஒட்டி நின்றால் உதை தள்ளுகிற மாதிரிதான் வரும், மூன்றடி தள்ளி நின்றால் முழு வீச்சும் நம் மேல்தான். பிறகு 12 அடி மிருதுவான பருத்திக் கயிற்றைக் கணுவில் சுற்றி, முடிச்சுப் போடாமல், முன்பக்கமாக லேசாக இழுத்துத் தூக்குவது. பின்பக்கம் இழுத்தால் இந்த வயதுக் குட்டிகளுக்கு மூன்று காலில் நிற்கத் தடுமாற்றம் வரும், அந்தப் பயத்தில் உதைக்கும்.

தேங்காய் நார்க் கயிறு வேண்டவே வேண்டாம். உள்ளங்கை தோல் போய்விடும், அவள் தோலும்தான்.

ஒன்பது நாளில் இடது கால் முடிந்தது. இப்போது அந்தக் காலைத் தொட்டாலே, என்ன வேண்டும் என்று கேட்கிற மாதிரி தானாகத் தூக்குகிறாள். நானும் கொஞ்சம் தலைகனத்துவிட்டேன். கால் தூக்கி நிற்கிற போட்டோ எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன்.

வலது பக்கம் போனால் வேறு குதிரை. குதிரைக்கு ஒரு பக்கம் படித்த பாடம் மறு பக்கம் தானாக வராது, கண் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் ஒவ்வொரு பக்கத்துக்கும் முதலிலிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது பழக்குகிற எல்லாரும் சொல்வதுதான். நானும் அதைத்தான் நினைத்தேன். அதே மூங்கில், அதே கையுறை, அதே வரிசை. சப்பை சரி. தொடை சரி. பின்முட்டிவரை ஒன்றும் சொல்லமாட்டாள். கணுவுக்கு நாலு விரல் மேலே வரும்போது ஒரு காது பின்னால் திரும்பும், வாலை அழுத்தி வைப்பாள், வயிற்றுத் தோல் ஈ உட்கார்ந்த மாதிரி துடிக்கும். அப்புறம் மூச்சை நிறுத்துவாள். மூச்சு நின்றால் அடுத்தது உதைதான். மூச்சைக் கவனிக்கக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு வாரமும் ஒரு முழங்காலும் ஆனது.

அண்ணாச்சி போன பிறகு 11 நாள் இப்படிப் போனது. 12-ஆம் நாள் தங்கச்சி மகளிடம் போனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னேன். ராத்திரி அதை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது எனக்கே அசிங்கமாகிவிட்டது. கயிறு கணுவில் ஏறுகிறது, பேச்சி உதைக்கிறாள், உதைத்த அந்த நொடியில் என் கை கயிற்றை விடுகிறது. ஒரு தடவை இல்லை, அந்த வீடியோவில் ஆறு தடவை. நான் விட்டதாகவே எனக்கு நினைவில்லை, பயத்தில் கை தானாகத் திறந்திருக்கிறது. உதைத்தால் கயிறு போகும் என்பதை 11 நாளும் காலையும் மாலையும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நல்ல மாணவி, நன்றாகப் படித்துக்கொண்டாள்.

சரி, ஒரு பக்கம் மட்டும் தகராறு என்றால் வலி இருக்கிறதா என்று பார்க்காமல் மேலே போகக் கூடாது. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போகலாம் என்றால், வண்டியில் ஏற்றுவதே தனிப் பாடம், அதை இன்னும் தொடங்கவில்லை. பத்தமடைப் பக்கம் வரும் டாக்டர் ஒருவர் வந்து பார்த்தார். சிமெண்டுத் தரையில் ஓட விட்டார், திரும்பச் சொன்னார், பின்னோக்கி நடத்தச் சொன்னார். நொண்டல் இல்லை, வீக்கம் இல்லை. கிளம்பும்போது சும்மா உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, "இந்த வெள்ளை எப்பருந்து இருக்கு?" என்றார்.

வலது பின்னங்காலில் குளம்புக்குச் சற்று மேலே ஒரு வெள்ளை வளையம் உண்டு. அரை விரல் அகலம். வாங்கும்போதே வியாபாரி அதைத்தான் முதலில் காட்டினார், காலில் வெள்ளிக் காப்புப் போட்ட குட்டி, வீட்டுக்கு லெச்சுமி வார மாதிரி என்று. நானும் வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். டாக்டர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது பிறவி வெள்ளை இல்ல. பின்பக்கம் பாருங்க, தோல் தடிச்சிருக்கு. கயிறு அறுத்த புண்ணு ஆறினா அந்த இடத்துல முடி வெள்ளையா மொளைக்கும்."

அகாடி, பிச்சாடி என்று குதிரை வியாபாரிகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். முன்னால் தலையிலிருந்து இரண்டு கயிறு, பின்னங்காலிலிருந்து கயிறு, எல்லாவற்றையும் முளையடித்துக் கட்டி நிறுத்துவது. வளர்ந்த குதிரை பழகிப்போய் நிற்கும். குட்டி வயதில் கட்டிப் போட்டு, அது வெருண்டு இழுத்து விழுந்திருந்தால்? அந்தியூரில் நாங்கள் மூன்று பேர் சுற்றிச் சுற்றி வந்து சுழி பார்த்தோம், நெற்றியில் ஒன்று, கழுத்தில் இரண்டு, எல்லாம் சுத்தம் என்று தலையாட்டினோம். பல் பார்த்தோம். வாலைத் தூக்கிப் பார்த்தோம். காப்பைப் பார்த்து மயங்கினோம்.

ஆக, இடது காலில் வேலை செய்த கயிறேதான் வலது காலில் அவளுக்கு எமன். அதைத்தான் 11 நாள் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் காட்டில் திரியும் மஸ்டாங் குதிரைகளைப் பிடித்து, சுமார் 100 நாளில் பழக்கிப் போட்டிக்குக் கொண்டு வருகிற பழக்குநர்கள் இருக்கிறார்கள், 2007-இலிருந்து நடக்கிறது. அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு, காட்டுக் குதிரையே 100 நாளில் படுத்து எழுந்திருக்கிறது, என் வீட்டுக் குதிரை 300 நாளாகியும் கால் தரமாட்டேன் என்கிறதே என்று பொருமிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால் காட்டுக் குதிரை பாடு தேவலை. அதற்கு மனிதனைத் தெரியாது, அவ்வளவுதான். பேச்சிக்குக் கயிற்றைத் தெரியும்.

லாடக்காரர் பஞ்சம் நம் சீமைக்குப் புதிதில்லை, கேட்டுக்கொள்ளுங்கள். தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக் காயல் துறைமுகத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கியதை 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பாண்டிய நாட்டில் லாடம் அடிக்கவும் குதிரையைப் பேணவும் ஆளே இல்லை, அதனால்தான் வாங்கிய குதிரைகள் செத்துப்போகின்றன, அப்படிப்பட்ட ஆட்கள் இங்கே வந்துவிடாமல் குதிரை வியாபாரிகளே பார்த்துக்கொள்கிறார்கள், அப்போதுதான் வருசா வருசம் விற்கலாம் என்கிறார். எழுநூறு வருசம் கழித்தும் சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டைவரை எனக்குத் தெரிந்து குதிரைக் குளம்பு சீவத் தெரிந்தவர் அண்ணாச்சி ஒருவர்தான். அவரையும் வாளியை உதைத்து விரட்டியாகிவிட்டது.

13-ஆம் நாளிலிருந்து கயிறு கிடையாது. வலது பக்கம் கயிறோடு போவதே இல்லை. அப்பாவின் பழைய குற்றாலத் துண்டு ஒன்று, துவைத்துத் துவைத்து நூல் நூலாகப் போனது, அதுதான் இப்போது கருவி. முதல் இரண்டு நாள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றதோடு சரி. பிறகு அதால் முதுகைத் துடைத்தேன், தொடையைத் துடைத்தேன். சாரல் காலம், ஈ மொய்க்கிறது, துடைத்தால் அவளுக்குச் சுகம். கணுவுக்கு மேலே காது திரும்புகிற இடம் தெரியுமல்லவா, அதற்கு ஒரு அங்குலம் முன்னாலேயே நிறுத்தி, அவள் மூச்சு விடும்வரை அங்கேயே வைத்திருந்து, விட்டதும் துண்டை எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். வாயை மென்று நாக்கால் உதட்டை நக்கினால் அன்றைக்கு அந்தப் பாடம் அதோடு முடிந்தது. ஒரு நாளைக்கு ஒரு அங்குலம், சில நாள் அதுவும் இல்லை. ஒரு தடவைக்குப் பத்து நிமிசத்துக்கு மேல் போவதில்லை.

வெள்ளை வளையத்தின் மேல் துண்டு பட்டது 17-ஆம் நாள். உதைக்கவில்லை. கால் நடுங்கியது, நான் பார்த்தேன், முழங்காலில் என் கையும் நடுங்கியது.

கொள்ளையும் பாதியாகக் குறைத்தேன். வேலை இல்லாத குட்டிக்குத் தினம் இரண்டு வேளை கொள்ளு போட்டால் அது சும்மா நிற்குமா? இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

நடுவில் ஒரு தண்டச் செலவு. வயிற்றுப் பட்டை பழக்கலாம் என்று கான்பூரிலிருந்து ஒரு பட்டை வரவழைத்தேன். தோல் நல்ல தோல், தையலும் பரவாயில்லை, ஆனால் கொக்கி ஒரு பக்கம் ஒரு அளவு, மறுபக்கம் வேறு அளவு. திருப்பி அனுப்பக் கேட்டால் போனை எடுப்பதில்லை. நம் ஊர்க் கொல்லரிடம் கொடுத்து மாற்றிக்கொண்டேன். குளம்புக்குள் மண் நோண்டுகிற கொக்கியும் அவரே எட்டு மில்லி கம்பியில் அடித்துக் கொடுத்தார், ஆன்லைனில் வாங்கியதைவிட இதுதான் கையில் நிற்கிறது. இந்த வயதில் ஏற மாட்டேன், முதுகெலும்பு முற்ற இன்னும் வருசங்கள் ஆகும். மூன்று வயது முடிந்து பட்டையும் சேணமும் பழக்கி வைத்தால் போதும், ஏறுவது அதற்கும் அப்புறம்.

அதற்குள் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விட்டாயிற்று. முழங்கால் அளவு ஓடுகிற இடத்தில் அவளைக் கடக்க வைக்க வேண்டும் என்று ஒரு ஆசை. போன சனிக்கிழமை கரைவரை கூட்டிப் போனேன். தண்ணீரில் தன் நிழலைப் பார்த்து ஊதினாள், பின்வாங்கினாள், நான் இழுக்கவில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்த பெரியம்மா ஒருத்தி, "ஏ தம்பி, குதிர குடிக்க வந்துச்சா, குளிக்க வந்துச்சா?" என்றாள். ரெண்டும் இல்லை, பார்க்க வந்திருக்கிறது என்றேன். அரை மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அந்தக் கதை தனியாக எழுத வேண்டியது.

கால் இப்போது எங்கே நிற்கிறது என்றால்: 19-ஆம் நாள் துண்டைக் கணுவுக்குப் பின்னால் கொண்டு போய் இரு முனையையும் கையில் பிடித்தேன். 20-ஆம் நாள் குளம்பு தரையிலிருந்து நாலு விரல் எழுந்தது, ஒன்று எண்ணுவதற்குள் நானே இறக்கிவிட்டேன், அவள் கேட்பதற்கு முன்னால். இறக்குவது என் யோசனையாக இருக்க வேண்டும், அதுதான் இப்போது முழு வேலையும். 21-இல் மூன்று. 22-இல் மூன்று, பிறகு ஒரு உதை. இந்தத் தடவை துண்டை விடவில்லை, காலோடு கூடவே போனேன், அவள் நிறுத்தியதும் விட்டேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. மறுபடி தூக்கினேன், தந்தாள்.

இன்று காலை ஏழு.

குளம்பு அதற்குள் அசிங்கமாக வளர்ந்து கிடக்கிறது. மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வளரும், வாங்கியதிலிருந்து அந்தக் காலில் அரம் பட்டதே இல்லை. மற்ற மூன்றும் வட்டமாக, இது மட்டும் முன்பக்கம் செருப்பு நீண்ட மாதிரி. விளிம்பில் ஒரு துண்டு தானாகவே உடைந்து விழுந்திருக்கிறது.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"எத்தன எண்ணுத வரைக்கும் நிக்கா?"

"ஏழு, அண்ணாச்சி."

"ஏழுல நான் அரத்த எடுத்துக் கையில வச்சிருப்பேன், அவ்வளவுதாம்டே. முப்பது ஆனதும் கூப்பிடு."

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். ஒன்பது. பத்தில் ஈ ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது.