நட்டஈடு யாருக்குப் போனது?

ஆபிரிக்க அடிமைகளை விடுவித்தது பிரித்தானியாவின் பெருந்தன்மை என்று இன்னும் பலர் நம்புகிறார்கள், கொழும்பில் நன்றாகப் படித்தவர்கள்கூட. கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கும். 1833இல் சட்டம் நிறைவேறியது உண்மைதான். ஆனால் அதே சட்டத்தில் 2 கோடி பவுண் நட்டஈடும் ஒதுக்கினார்கள், அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம் அது, அதில் ஒரு சதம்கூடக் கரும்புத் தோட்டத்தில் சவுக்கடி வாங்கியவர்களுக்குப் போகவில்லை, எல்லாம் அவர்களைச் சொத்தாக வைத்திருந்தவர்களுக்கே. அதற்காக வாங்கிய கடன் 2015இல்தான் அடைந்து முடிந்தது. லண்டனில் குடியேறி வரி கட்டிய நம்மவர்களும், ஜமேக்காவிலிருந்து போனவர்களின் பிள்ளைகளும் சேர்ந்துதான் அதைக் கட்டியிருக்கிறார்கள்.

சரி, விடுதலையானவர்களுக்கு என்ன கிடைத்தது? பயிற்சிக்காலம் என்று ஒன்று. அன்டிகுவா போன்ற ஓரிரு இடங்களைத் தவிர, மற்றக் கரீபியத் தீவுகளில் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் பழைய எசமானுக்கே கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. 1838 ஆகஸ்ட் வரை அது இழுபட்டது.

சாம் ஷார்ப்பைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. ஜமேக்காவில் அடிமையாகப் பிறந்து, எழுத்து வாசிப்புக் கற்று, பப்டிஸ்ட் சபையில் போதித்தவர். 1831 நத்தார் முடிந்ததும் கூலி தந்தால்தான் கரும்பு வெட்டுவோம் என்று எசமான்களிடம் சொல்லும்படி மற்ற அடிமைகளிடம் சொன்னார். அது பல்லாயிரம் பேரின் கிளர்ச்சியானது, தோட்டங்கள் எரிந்தன, அடக்கிய பிறகு 300க்கும் மேற்பட்டவர்களுக்கு மரணதண்டனை, 1832 மே மாதம் மொன்டேகோ பேயில் அவரையும் தூக்கிலிட்டார்கள். மறுவருடமே சட்டம் வந்தது. அடிமை ஒழிப்புக்காகப் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் வில்பர்போர்ஸ் பாடுபட்டதை நான் மறுக்கவில்லை, ஆனால் உயிரைக் கொடுத்தவர்களை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்வது அநியாயம்.

அப்புறம் நம்முடைய ஊர். அந்தச் சட்டம் இலங்கைக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதிவைத்தார்கள். ஒல்லாந்தர் தங்கள் அடிமைகளை இரவில் அடைத்துவைத்தது கொழும்பில் கொம்பனித்தெருப் பக்கம். யாழ்ப்பாணத்திலோ அடிமைகளை வைத்திருந்தவர்கள் வெள்ளைக்காரர் இல்லை, நம்முடைய ஆட்கள்தான், சாதியோடு பின்னிக் கிடந்த அடிமைமுறை அது. 1821இல், அங்கே அடிமைத் தாய்க்குப் பெண் குழந்தை பிறந்தால் ஆங்கில அரசு விலை கொடுத்து அதை விடுவித்தது: சாதியைப் பொறுத்து 2 அல்லது 3 ரிக்ஸ்டொலர் (அன்றைய நாணயம்). அந்தக் காசும் எசமானுக்குத்தான், பெற்ற தாய்க்கு இல்லை. அடிமைமுறை இங்கே முற்றாக ஒழிந்தது 1844இல்.

பழைய உறுதிகளையும் குடும்ப ஏடுகளையும் பெட்டிக்குள் வைத்திருப்பவர்கள், அவற்றில் அடிமைகளின் பெயர் இருந்தால், தயவுசெய்து மறைக்காதீர்கள், வெளியே கொண்டுவாருங்கள்.