கப்பலுக்கும் மருத்துவருக்கும் ஒரே வக்கீல்

கடலூரில் அலுவலகம் வைத்துக்கொண்டு கப்பல் வழக்குகளையும் மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளையும் எதிர்வாதி தரப்பிலேயே நின்று நடத்துகிறேன் என்று சொன்னால், இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. சம்பந்தம் காப்பீட்டில் இருக்கிறது. என் சீனியர் ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் பட்டியலில் இருந்தார். பார்ஜு எனும் சரக்குப் படகுகளின் உரிமையாளர்களுக்குப் பாலிசி எழுதிய அதே நிறுவனம் மருத்துவர்களுக்கும் தொழில்சார் பொறுப்புக் காப்பீடு விற்றதால், நனைந்துபோன உர மூட்டைகளின் கேஸ் கட்டும் பிரசவ அறையில் நடந்ததைப் பற்றிய கேஸ் கட்டும் ஒரே பியூன் கையில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தன. இரண்டாவது கேள்வி கொஞ்சம் குத்தலானது: அடிபட்டவன் பக்கம் நிற்காமல் எப்போதும் அடித்தவன் பக்கம்தானா? அடித்தானா இல்லையா என்று பார்க்கத்தானே வழக்கு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

இத்தனை வருடத் தொழிலில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: எதிர்வாதியின் வழக்கு பெரும்பாலும் சம்பவத்துக்கு மறுநாளே தோற்றுவிடுகிறது, தன் பதிவேட்டைச் சரிசெய்ய அவரே உட்காரும் அந்த நாளில்.

கப்பல் வழக்கில் அந்த மறுநாள்கூட எங்களுக்கு முழுதாகக் கிடைப்பதில்லை. கடல்சார் வழக்குகளுக்கான 2017-ஆம் ஆண்டின் அட்மிரால்டி சட்டம் 2018 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதுவரை 1840, 1861, 1890 ஆகிய ஆண்டுகளின் ஆங்கிலேயர் காலச் சட்டங்களையும், 1992-இல் எம்.வி. எலிசபெத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த விளக்கத்தையும் வைத்துக்கொண்டுதான் வாதாடி வந்தோம். புதிய சட்டத்திலும் அடிப்படை பழையதுதான். வாதி கப்பலின் மேலேயே வழக்குத் தொடுக்கலாம். எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே அதைத் தடுத்துவைக்கும் உத்தரவையும் வாங்கலாம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான் இதற்கான நீதிமன்றம். அங்கே உத்தரவானதும் துறைமுக அதிகாரிக்கும் சுங்கத்துறைக்கும் நகல் போகும், கப்பலுக்குப் புறப்பாட்டு அனுமதி நின்றுவிடும். கப்பல் சும்மா நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடகையும் எரிபொருளும் மாலுமிகளின் சம்பளமும் ஏறிக்கொண்டே போவதால், யார் மேல் தவறு என்ற பேச்சுக்கு முன்பாகப் பிணைக்கு ஏற்பாடு செய்வதே எங்கள் வேலையாகிறது. உரிமையாளரின் பி அண்ட் ஐ கிளப், அதாவது கப்பல் உரிமையாளர்கள் கூட்டாக நடத்தும் பொறுப்புக் காப்பீட்டுச் சங்கம், ஓர் உறுதிக் கடிதம் தரும், வாதி அதை ஏற்காவிட்டால் வங்கி உத்தரவாதம். பிணை வந்ததும் கப்பல் போய்விடும். அதன் பிறகு பல ஆண்டுகள் நாங்கள் கப்பல் இல்லாமலே கப்பல் வழக்கை நடத்துவோம். 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கன்டெய்னர் கப்பல் மூழ்கியபின், கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு வழக்குத் தொடுத்து, விழிஞ்ஞத்தில் நின்ற வேறொரு கப்பலைத் தடுத்துவைக்க உத்தரவு பெற்றது பலருக்கு வியப்பாக இருந்தது. ஒரே உரிமையாளருடையது என்று காட்ட முடிந்தால், சம்பவத்தில் சம்பந்தப்படாத கப்பலையும் பிடிக்க அட்மிரால்டி சட்டத்தின் 5-ஆம் பிரிவு இடம் தருகிறது.

கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் காலங்காலமாகப் பெரிய கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கு பார்ஜுகளில்தான் கரைக்கு வரும். ஆகவே நானும் சர்வேயரும் படகில் போய், கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்று ஏணியில் ஏற வேண்டும். கருப்புக் கோட்டு போட்டுக்கொண்டு ஏறும் வேலையல்ல அது. மேலே போனதும் விபத்து எப்படி நடந்தது என்று நான் கேட்பதில்லை. விடிஆர் பதிவைப் பத்திரப்படுத்தினீர்களா என்றுதான் கேட்பேன். கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜில் பேசிய குரல், ராடார் திரை, வேகம், திசை எல்லாவற்றையும் பதிவுசெய்யும் அந்தக் கருவி பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே போகும். 2014 ஜூலைக்குப் பின் பொருத்தப்பட்டவை 30 நாட்களுக்குச் சேமித்துவைக்கும். அதற்கு முந்தைய கருவிகளில் 12 மணி நேரத்துக்குத்தான் உத்தரவாதம்.

ஓர் இரவு வழக்கில் கப்பல் ஒரு ஃபைபர் படகின் மேல் மோதிவிட்டது. படகில் முறையான விளக்கு இல்லை, கையில் ஒரு டார்ச் மட்டுமே என்பது எங்கள் தரப்பு. 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் மீன்பிடிக் கலங்களுக்கான விளக்குகளை 26-ஆவது விதி சொல்கிறது. ஆனால் வலை போட்டிருக்கும் படகுக்கு எந்திரக் கப்பல் விலகி வழிவிட வேண்டும் என்று 18-ஆவது விதியும், கண்ணாலும் காதாலும் எப்போதும் காவல் இருக்க வேண்டும் என்று 5-ஆவது விதியும் சொல்கின்றன. லாக் புக்கில் அந்த நேரத்துக்குக் காவலாளி பிரிட்ஜில் நின்றதாக அழகான எழுத்தில் ஒரு வரி இருந்தது. விடிஆர் ஒலிப்பதிவில், மோதலுக்குச் சற்று முன்பு அதே ஆளை வேறு வேலைக்குக் கீழே அனுப்பும் குரல் இருந்தது. விளக்கு பற்றிய நியாயமான வாதத்தைக்கூட அந்த ஒரு வரி கெடுத்துவிட்டது. பொறுப்பைப் பங்கிட்டுக்கொண்டு சமரசமாகப் போகச் சொன்னேன், போனார்கள். இடையில் மீனவப் பஞ்சாயத்தார் ஒருவர் என் வாசலில் நின்று, "நம்ம பசங்களுக்கு எதிரா நீங்களே நிக்கிறீங்களே, வக்கீலய்யா" என்றார். அதற்கு நான் சொன்ன பதில் எதுவும் அவரைத் திருப்திப்படுத்தவில்லை, என்னையும்தான்.

மருத்துவ வழக்கின் வேகம் வேறு. 1995-இல் வி.பி. சாந்தா வழக்கின் தீர்ப்பு கட்டணம் பெறும் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கின் தீர்ப்பு, குற்றவியல் பொறுப்புக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, அது மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்றது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் நோயாளி தான் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்பதால், புதுச்சேரியில் அறுவை செய்த மருத்துவர் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு வந்து நிற்க நேர்கிறது. இதில் எனக்குப் புகார் இல்லை. நோயாளி அலையாமல் இருப்பதே முறை. என்னை விரட்டுவது பதிலுரைக்கான காலக்கெடுதான். 30 நாள், கேட்டால் மேலும் 15 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது. நோட்டீஸை மேசை டிராயரில் போட்டுவைத்துவிட்டு 40-ஆவது நாளில் போன் செய்யும் மருத்துவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அப்படிப் போன் செய்பவர்களில் சிலர் இன்னொன்றும் கேட்பார்கள்: "சார், கேஸ் ஷீட்ல அந்தப் பக்கம் கொஞ்சம் அவசரமா எழுதினது. தெளிவா எழுதிக் கொடுத்துடட்டுமா?" வேண்டாம் டாக்டர், தொடவே தொடாதீர்கள் என்று சொல்வதற்குள் சில நேரம் வேலை முடிந்திருக்கும். திருத்தப்பட்ட கேஸ் ஷீட்டை நான் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்வேன். எதிர்த்தரப்பு வக்கீலும் கண்டுகொள்வார். இரவு முழுவதும் கால் மணிக்கு ஒரு முறை குறித்த ரத்த அழுத்தம் எல்லாம் 120/80 என்றிருக்கும். மூன்று ஷிப்ட் செவிலியர் எழுதியதாகச் சொல்லும் பக்கத்தில் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரு அடித்தல்கூட இருக்காது. உண்மையான பக்கத்தில் மாத்திரையின் பெயர் பாதியில் நின்றிருக்கும், நேரம் ஓரத்தில் குறுக்காக இருக்கும், டீக் கறை இருக்கும். அந்த அலங்கோலமான பக்கத்தை வைத்து நான் ஒரு மருத்துவரைக் காப்பாற்ற முடியும். 1957-ஆம் ஆண்டின் போலம் என்ற இங்கிலாந்து வழக்கிலிருந்து எடுத்து நம் நீதிமன்றங்கள் பின்பற்றும் அளவுகோல், அதே துறையின் பொறுப்புள்ள மருத்துவர்கள் ஏற்கும் முறையில் சிகிச்சை நடந்ததா என்பதே. நோயாளி பிழைக்கவில்லை என்பது மட்டும் கவனக்குறைவுக்குச் சாட்சியாகாது. ஆனால் பதிவேடு பொய் என்று ஓரிடத்தில் தெரிந்துவிட்டால், அந்த அளவுகோல்வரை யாரும் வரமாட்டார்கள்.

எழுதாமல் விட்டதும் இதே பள்ளத்தில்தான் தள்ளும். 1996-இல் சென்னையின் அரசு மருத்துவமனையொன்றில் 29-ஆவது வாரத்தில் 1,250 கிராம் எடையுடன் பிறந்த குழந்தை, குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோயால் பார்வையை இழந்தது. கண் பரிசோதனை செய்யவேண்டும் என்று பெற்றோரை எச்சரித்ததற்கு டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி இல்லை. 2015-இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. வாயால் சொன்னோம் என்று என்னிடம் சொல்லும் மருத்துவர்களுக்கு இந்தத் தீர்ப்பின் நகலைத்தான் கொடுக்கிறேன்.

பிணையைக் கட்டிக் கப்பலை விடுவிக்கலாம், மருத்துவரை அப்படி விடுவிக்க வழியில்லை. இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் கட்டினாலும் ஊர்ப்பேச்சு அவருடையது. கூடவே குற்றவியல் புகார் வந்தால் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை தண்டனைக்கு இடமுண்டு. பயத்தில் அவர் செய்யும் முதல் காரியம், நோயாளியின் குடும்பத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுவது. நிறுவனத்தின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று பாலிசியில் இருக்கும் நிபந்தனையை, யாரிடமும் வாயே திறக்கக் கூடாது என்று ஏஜெண்டுகள் சொல்லி வைத்திருக்கிறார்கள். நிபந்தனை அப்படிச் சொல்லவில்லை. என்ன நடந்தது, என்ன மருந்து கொடுத்தோம், எந்த நேரத்தில் நிலைமை மாறியது என்று உறவினர்களை உட்காரவைத்து விளக்கலாம். கேஸ் ஷீட் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுத்தே ஆகவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை. நான் படித்த புகார் மனுக்களில் பலவற்றின் முதல் பத்தி சிகிச்சையைப் பற்றியதல்ல, "டாக்டர் எங்களைப் பார்க்கவே மறுத்துவிட்டார்" என்பதுதான். அதனால் முதல் போனிலேயே, நகலைக் கொடுங்கள், அவர்களை நேரில் பாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன்; அப்படிச் செய்த சிலருக்குப் பதிலுரை எழுதும் வேலையே எனக்கு வரவில்லை.