மனிதர் அர்ச்சிக்காத ஆலயம்: மோந்தே சாந்தாஞ்சலோ குகைத் திருத்தலம்

மலைக்கோயில் என்றால் படியேறித்தான் பழக்கம். தென் இத்தாலியின் பூலியா பகுதியில், கார்கானோ மலைமேல் இருக்கும் மோந்தே சாந்தாஞ்சலோ ஊரில் ஏறக்குறைய 800 மீட்டர் உயரம் ஏறி வந்தபின் பூமிக்குள் இறங்க வேண்டும். புனித மிக்கேல் அதிதூதரின் ஆலயம் அங்கே ஒரு சுண்ணாம்புக்கல் குகை.

ஃபோஜ்ஜா வரை ரயில், அங்கிருந்து மன்ஃப்ரெதோனியா வழியாகப் பேருந்து. ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து குறைவு என்பதால், திரும்பும் வண்டியின் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. மன்ஃப்ரெதோனியா தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். பேருந்தில் குமட்டல் வருபவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறக் கூடாது. கடற்கரையில் வெயில் கொளுத்தினாலும் மேலே மூடுபனி இறங்கிவிடும், குகைக்குள்ளோ கோடையிலும் ஈரக்குளிர். ஒரு மேல்சட்டை அவசியம். தோளை மறைக்கவும் அதுவே உதவும், முழங்காலும் மறையும்படி உடுத்துங்கள்.

தல வரலாறு கி.பி. 490-ல் தொடங்குகிறது. தொலைந்துபோன காளை குகை வாசலில் மண்டியிட்டு நிற்க, கோபத்தில் அதன் உரிமையாளர் எய்த அம்பு திரும்பி வந்து அவரையே தாக்கியது. செய்தி கேட்ட, அருகிலிருந்த சிபொந்தோ ஊரின் ஆயர் லோரென்சோ மையோரானோ மூன்று நாள் செபமும் நோன்புமாக இருந்தபோது அதிதூதர் காட்சி தந்து, அந்தக் குகை தம் காவலில் உள்ளது என்றார். 493-ல் ஆயர் குகையை அர்ச்சிக்க, அதாவது வழிபாட்டுக்கெனப் புனிதப்படுத்த, முனைந்தபோது, “நானே அதை அர்ச்சித்துவிட்டேன்” என்ற மறுமொழி கிடைத்தது. இதனால்தான் இதை விண்ணகப் பேராலயம் என்கிறார்கள். பின்னர் இத்தாலியை ஆண்ட ஜெர்மானிய இனத்தவரான லாங்கோபார்டு மக்கள் இதைத் தம் இனத்தின் திருத்தலமாகவே கொண்டாடினார்கள். அவர்களின் ஏழு இடங்களில் ஒன்றாக 2011-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது.

வெளியே எண்கோண மணிக்கூண்டு. பிரெஞ்சு ஆன்ஜூ (Anjou) வம்சத்து முதலாம் சார்லஸ் மன்னர் 1274-ல் தொடங்கியது. அருகே இரட்டை வளைவு வாசலில், “இந்த இடம் எவ்வளவு அச்சத்திற்குரியது! இதுவே இறைவனின் இல்லம், விண்ணகத்தின் வாயில்” என்று விவிலியத்தில் வரும் யாக்கோபின் சொற்கள் லத்தீனில் பொறித்திருக்கும். அதற்குள் 86 படிகள். நூற்றாண்டுகளாகக் கால் பட்டுத் தேய்ந்த கல். மழை நாளில் ஈரக் காலணிகளால் இன்னும் வழுக்கும். ரப்பர் அடி கொண்ட செருப்போடு சுவரோரமாக இறங்குங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் திரும்பி ஏறுவதுதான் சிரமம், நின்று நின்று ஏறலாம்.

கீழே உள்ள வெண்கலக் கதவுகளைப் பலர் தள்ளிக்கொண்டே கடந்துவிடுகிறார்கள். மனம் வருந்துகிறது, ஏனென்றால் அங்கே கால் மணி நேரமாவது நிற்க வேண்டும். 1076-ல் கான்ஸ்டான்டினோப்பிளில் வார்த்து, அமால்ஃபி ஊர் பந்தலேயோனே காணிக்கையாகக் கொடுத்தவை. 24 தகடுகள், ஏறக்குறைய அத்தனையும் தூதர்களின் செயல்கள்: ஈசாக்கின் பலி, யாக்கோபின் ஏணி, தீச்சூளையில் மூன்று இளைஞர், சிறையிலிருந்து பேதுருவின் விடுதலை, சிபொந்தோ ஆயருக்குக் கிடைத்த காட்சி. வெண்கலத்தில் கோடாகச் செதுக்கி வெள்ளி பதித்திருக்கிறார்கள். நேராகப் பார்த்தால் தெரியாத முகங்கள் பக்கவாட்டில் நகர்ந்தால் தெளியும். ஆண்டுக்கு ஒருமுறை கதவுகளைத் துலக்கிப் பளபளப்பாக வைக்கும்படி ஆலயப் பொறுப்பாளர்களைக் கேட்கும் வேண்டுகோளும் அதிலேயே இருக்கிறது. காணிக்கை கொடுத்தவரின் அக்கறை எவ்வளவு!

குகைக்குள் வெண்பளிங்கில் 1507-ஆம் ஆண்டு மிக்கேல் சுரூபம், சிங்கங்கள் தாங்கும் பழைய ஆயர் இருக்கை. திருப்பலி நேரத்தில் சுற்றிப் பார்க்காமல் அமர்ந்து பங்குகொள்வதே முறை. பழைய திருப்பயணிகள் உள்ளங்கையையும் பாதத்தையும் கல்லில் வைத்து, சுற்றிலும் கோடு செதுக்கிவிட்டுப் போன அடையாளங்கள் சுவர்களில் உண்டு. பழைய நுழைவுவழியில் இங்கிலாந்தின் ஆங்கிலோ-சாக்சன் திருப்பயணிகளின் பெயர்கள் ரூன் என்ற பழைய ஜெர்மானிய எழுத்தில் இருக்கின்றன. 1216-ல் வந்த புனித பிரான்சிஸ், உள்ளே நுழையத் தகுதியில்லை என்று வாசலிலேயே செபித்தார் என்பது மரபு. 1656 கொள்ளைநோயின்போது இந்தக் குகைக் கற்கள் சிலுவை பொறித்து மந்திரிக்கப்பட்டன. அதற்காக இன்று யாரும் பாறையைச் சுரண்டக் கூடாது.

மே 8, செப்டம்பர் 29 திருவிழாக்கள். செப்டம்பரில் சுரூபம் குகையை விட்டு வெளியே வராது, அதிதூதரின் வாள்தான் பவனியாக வரும். அமைதியாகச் செபிக்க விரும்புபவர்கள் அந்த நாள்களைத் தவிர்த்து, வார நாளில் காலையிலேயே வருவது உத்தமம்.

ஊரில் வெள்ளை வீடுகள் அடுக்கிய யூன்னோ பகுதி, நார்மன் கோட்டை, ரோதாரி கல்லறை என்று பெயர் பெற்ற பழைய திருமுழுக்குக் கூடம் ஆகியவற்றை ஒரு நடையில் பார்த்துவிடலாம். இரண்டு மெல்லிய அப்பங்களுக்கு நடுவே பாதாமும் தேனும் வைத்த இனிப்பு கடைகளில் கிடைக்கும். அப்பம் நற்கருணை அப்பம் போலவே இருந்தாலும் அர்ச்சித்ததல்ல, தயங்காமல் சாப்பிடலாம். புனிதர் பாத்ரே பியோ வாழ்ந்த சான் ஜொவான்னி ரோதோந்தோ ஊரும் இதே மலையில்தான். இரண்டையும் ஒரே நாளில் முடிக்க அவசரப்பட்டால் கதவுக்கும் குகைக்கும் நேரம் போதாது. ஓர் இரவு மேலேயே தங்குங்கள்.