பொட்டலில் மறைந்த கோல்ஃப் திடலைப் பதிவேடுகளில் தேடிய அனுபவம்

தாமிரபரணிப் பாசனம் எட்டாத எங்கள் ஊரின் மேற்குப் பொட்டலில் வெள்ளைக்காரர் காலத்தில் கோல்ஃப் ஆடினார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. 1895இல் தொடங்கிய கொடைக்கானல் திடல் இன்றும் இருக்கிறது. அங்கே மழையும் புல்லும் உண்டு. வானம் பார்த்த பூமியில் அமைந்த திடல்களோ, ஆட்டம் நின்றதும் தரிசாகிச் சீமைக்கருவேலம் மூடி அடையாளமற்றுப் போயின. அப்படிப்பட்ட ஒன்றை ஆவணத்தில் உறுதிசெய்ய விரும்பினேன்.

ஒவ்வொரு சர்வே எண்ணின் உரிமையாளர், பரப்பு, வகையைப் பட்டியலிடும் 'அ' பதிவேடும், அதன் எல்லைகளை வரைந்து காட்டும் புலப்படமும் அரசின் இணைய சேவையில் எளிதாகக் கிடைத்தன. ஆனால் அவை 1979க்குப் பிறகு நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின் நிலையையே காட்டுகின்றன. அங்கே பொட்டலின் ஒரு பகுதி தீர்வை ஏற்படாத (நிலவரி விதிக்கப்படாத) தரிசு, மறுபகுதி பட்டா மனைகள். அதற்கு முந்தைய, நிலவரி நிர்ணயத்துக்காக எழுதப்பட்ட செட்டில்மெண்ட் பதிவேட்டை வாய்மொழியாகக் கேட்டபோது அலுவலகத்தில் பதில் இல்லை. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு கொடுத்தேன். சட்டம் சொல்லும் 30 நாள் கடந்து, மேல்முறையீட்டுக்குப் பின்னரே நகல் வந்தது. இன்று துண்டு துண்டாகக் கிடக்கும் நிலம் அதில் ஒரே பெரிய சர்வே எண்ணாக இருந்தது. குறிப்புக் கலத்தில் ஒரு சங்கத்துக்குக் குத்தகை என்றும் எழுதியிருந்தது. என் தேடலில் மிகவும் மகிழ்ந்த தருணம் அதுதான்.

அடுத்து, இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடத்தை எடுத்தேன். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவிலான அந்த வரிசையில் திருநெல்வேலிப் பகுதி 58 எச் என்ற எண்ணுக்குள் வருகிறது. கிணறு, ஓடை, வண்டிப்பாதை ஆகியவற்றைப் புலப்படத்தோடு பொருத்தியதில் எல்லை தெளிந்தது.

ஆட்டம் எப்படி நடந்தது என்பதைக் காகிதம் சொல்லவில்லை. சிறுவயதில் அங்கே மட்டைப் பை சுமந்த ஒரு தாத்தா சொன்னார்: "புல்லு ஏதுய்யா? குழியைச் சுத்தி எண்ணெய் ஊத்தின மணலுதான். ஒவ்வொருத்தர் ஆடி முடிச்சதும் நாங்க சாக்கை இழுத்து மணலைச் சமப்படுத்துவோம்." வறண்ட ஊர்களில் குழியைச் சுற்றிய பச்சைப் புல்தரைக்குப் பதிலாக இப்படி எண்ணெய் மணல் தரை அமைப்பதே அக்கால வழக்கம். ஆகவே மண்ணில் தடயம் தேடுவதைவிட, இத்தகைய மனிதர்களின் குரலை முதலில் பதிவுசெய்வதே அவசரம் என்பது என் உறுதியான கருத்து.

இதேபோல் தேடுவோர், மனுவில் பழைய சர்வே எண், புதிய சர்வே எண் ஒப்பீட்டுப் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள். அது இல்லாமல் பழைய பதிவேட்டின் நிலம் இன்றைய எந்த மனையில் விழுகிறது என்று காட்ட இயலாது.