நானும் உட்கார்ந்து சாப்பிட்ட விருந்து

பள்ளித்தோழி ஒருத்தி ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோவதற்கு முந்தைய வாரம், அவளையும் இன்னும் சிலரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். நான்கு வருடம் ஆகிறது. பூரி சூடாகப் போக வேண்டும் என்று குசினியிலேயே நின்றேன். பூரி முடிந்ததும் மீன் பொரித்தேன், மீன் முடிந்ததும் அப்பளம். கூடத்தில் எல்லாரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சத்தம் அடங்கியது. பூரி போதவில்லையோ என்று நினைத்து இன்னும் நான்கு தேய்த்தேன். பத்து மணிக்கு அவள் கைப்பையை எடுத்தபோதுதான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வயதான அப்பாவை இங்கே விட்டுவிட்டுப் போவதைச் சொல்லி அவள் சாப்பாட்டு மேசையில் அழுதிருக்கிறாள். மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "சாப்பிடு, இன்னும் ரெண்டு வை" என்பதைத் தவிர அன்று அவளிடம் நான் எதுவும் பேசவில்லை.

அதிலிருந்து ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. விருந்தாளி வாசல்படி ஏறிய பிறகு என் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. நானும் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

அம்மாவுக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. மலேசியாவின் கெடா மாநிலத்தில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். வந்தவர்கள் வயிறார உண்டு கை கழுவிய பிறகுதான் வீட்டுப் பெண்கள் தட்டைத் தொட வேண்டும். "கூட உட்கார்ந்துகிட்டா யாருக்கு என்ன வேணும்னு யாரு பார்ப்பா?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக, யாருக்கு என்ன வேண்டும் என்பதை விருந்துக்கு ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுவது என் வழக்கமாகிவிட்டது.

சென்ற ஜூலையில் ஒரு சனிக்கிழமை, ஆயர் ஈத்தாமில் எங்கள் ஃபிளாட்டில் ஒன்பது பேர். நாங்கள் மூவர், அம்மா, கொழுந்தனாரும் அவர் மனைவியும், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் மலாய்க்கார அக்காவும் அவர் கணவரும், பக்கத்து வீட்டுச் சீன அண்டி. பினாங்கில் இப்படி ஒரு மேசைக்கு நாள் குறிப்பதே பாதி வேலை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சைவம். புரட்டாசி வந்துவிட்டால் மாதம் முழுக்கக் கறி கிடையாது. அப்புறம் நேரம். ஜூலையில் இங்கே மஃரிப், அதாவது அந்தி நேரத் தொழுகை, ஏழரையைத் தாண்டித்தான் வரும். ஏழரைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால் அக்கா தொழுகையை நினைத்துத் தவிக்க வேண்டியிருக்கும். எட்டேகாலுக்குச் சொன்னேன், வீட்டிலேயே தொழுதுவிட்டு நிம்மதியாகக் கிளம்பினார்கள். ஆட்டிறைச்சியை எந்த மாமாக் (இந்திய முஸ்லிம்) கடையில் வாங்கினேன் என்பதையும் அவர் கேட்பதற்கு முன்பே நானே சொல்லிவிட்டேன். கேட்க வேண்டிய சங்கடத்தை விருந்தாளிக்கு வைக்கக் கூடாது. கொழுந்தனார் எப்போதும் பீர் வாங்கி வருவார். "இன்றைக்கு வேண்டாம் தம்பி" என்றேன். "சரி அண்ணி" என்றார். அவ்வளவுதான்.

அண்டியின் விஷயத்தில்தான் எனக்குப் புதிதாக ஒன்று தெரியவந்தது. அவர் பௌத்த முறைப்படி சைவம். வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை. நம் ஊர் வழக்கப்படி அவை இல்லாத சமையலுக்கு ஒரு சிட்டிகை பெருங்காயம் போட்டால் ஆயிற்று என்று எண்ணியிருந்தேன். எதற்கும் கேட்டுவிடுவோம் என்று டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டுக் கையசைத்துவிட்டார். அவர்கள் விலக்கும் ஐந்து காரப் பொருள்களில் பெருங்காயமும் ஒன்றாம்! கேட்காமல் போட்டிருந்தால் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்க மாட்டார், காரணத்தையும் சொல்லியிருக்க மாட்டார். எனவே அவருக்காகப் பரங்கிக்காயைக் கடுகு, கறிவேப்பிலை, தேங்காய்ப்பூ மட்டும் போட்டுத் தாளித்தேன். தெம்பே என்ற புளிக்கவைத்த சோயாவில் செய்த சம்பாலுக்கு பெலாச்சான் (இறால் விழுது) இல்லை, வெங்காயம் இல்லை. காய்ந்த மிளகாய், செராய் (எலுமிச்சைப்புல்), புளி, கொஞ்சம் குலா மெலாக்கா (தென்னை வெல்லம்). வெள்ளிக்கிழமைச் சமையலுக்கு என்று தனியாக வைத்திருக்கும் சட்டியில்தான் இரண்டையும் செய்தேன். கடைசியில் அந்தச் சம்பாலை எல்லாரும் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள்.

மற்றவர்களுக்கு ஆட்டிறைச்சிப் பிரட்டல். இதைவிட விருந்துக்கு ஏற்ற கறி எனக்குத் தெரியாது, ஏனென்றால் காலையில் செய்து இரவில் சூடு காட்டினால் ருசி கூடுகிறது. எலும்போடு இரண்டு கிலோ. மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது போட்டு வேகவைத்து, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ தாளித்து, சின்ன வெங்காயமும் கறித்தூளும் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை கிளற வேண்டும். பத்து மணிக்குள் முடித்து, அகலமான இரண்டு தட்டுகளில் பரப்பி ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்தேன். நம் வெக்கைக்குச் சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடுவது சரியில்லை. ஆழமான சட்டியில் அப்படியே வைத்தால் நடுவில் ஆறவும் ஆறாது. இரவு எட்டு மணிக்குக் கால் குவளை வெந்நீர் தெளித்து, நன்றாகக் கொதி வரும்வரை சூடாக்கினேன்.

ஜவ்வரிசிப் பாயாசமும் காலையிலேயே தயார். வைக்க வைக்க ஜவ்வரிசி நீரை இழுத்துக் களியாகிவிடும். அதனால் தண்ணீராகவே இறக்கினேன். தேங்காய்ப்பாலைக் கடைசியில், பரிமாறுவதற்கு முன்புதான் ஊற்ற வேண்டும், முன்பே ஊற்றினால் ஊசிப்போகும். அப்பளத்தை நான்கு மணிக்குப் பொரித்துப் பழைய பிஸ்கட் டின்னில் அடைத்தேன். ஒன்பது மணிக்கும் மொறுமொறு என்றுதான் இருந்தது. பூரியை மட்டும் விட்டுவிட்டேன். பாஸ்மதி ஒரு கிலோ, அரை மணி ஊறவைத்து ரைஸ் குக்கரில் நெய்ச்சோறு. ஏழரைக்குப் பொத்தானை அழுத்திவிட்டுக் குளிக்கப் போனேன். குளித்துவிட்டு வந்தவளுக்குக் கறியைச் சூடாக்குவதையும் தேங்காய்ப்பால் ஊற்றுவதையும் தவிர வேலை எதுவும் மிச்சமில்லை. பத்து நிமிடம் சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பத்து நிமிடம் வீட்டுக்காரிக்கு மிக முக்கியம். களைத்த முகத்தோடு கதவைத் திறந்தால், தொந்தரவு கொடுக்க வந்துவிட்டோம் என்றுதான் வந்தவர்கள் நினைப்பார்கள்.

கதவருகிலேயே பாலேக் பூலாவ் ஜாதிக்காய் சாறு. மேசையின் ஒரு முனையில் சைவம், தனிக் கரண்டிகளோடு. மறு முனையில் கறி. அண்டிக்கு முள்கரண்டி, மற்றவர்களுக்குக் கை கழுவக் கிண்ணமும் தண்ணீரும். ரசச் சட்டி என் வலது கைப்பக்கம்.

எல்லாரும் உட்கார்ந்த பிறகும் அம்மா கரண்டியைப் பிடித்தபடி குசினி வாசலில் நின்றார். நான் கூப்பிட்டால் வர மாட்டார் என்று தெரியும். அக்காதான் எழுந்தார். தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "மாரி டுடுக், மாக்சிக்" (வாங்க, உட்காருங்க அம்மா) என்று அம்மாவின் கையைப் பிடித்து உட்காரவைத்தார். விருந்தாளி கூப்பிட்ட பிறகு அம்மாவால் மறுக்க முடியவில்லை.

அக்காவின் கணவருக்கும் கெடாதான், சுங்கை பட்டாணிப் பக்கம். அவருடைய அம்மாவும் சொந்தக் காட்டில் ரப்பர் சீவியவர். பேச்சு அங்கே போய் நின்றுகொண்டது. இருட்டோடு எழுந்து நிரைக்கு (ரப்பர் மர வரிசைக்கு) போனது, மழை பெய்தால் பால் கிடைக்காமல் அன்றைய கூலி போனது என்று அம்மா மலாயில் சொல்லிக்கொண்டே போனார். அப்படி மழை விடாத நாட்களில் பாட்டி ஒரு கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பை ஊற்றி, தோட்டத்து எல்லையிலிருந்த கம்பத்துக்கு (மலாய்க் கிராமத்துக்கு) அம்மாவை அனுப்புவாராம். அங்கே ஒரு மலாய்க்காரப் பாட்டி குழம்பை வாங்கிக்கொண்டு மடி நிறைய மரவள்ளிக்கிழங்கு கொடுப்பாராம். "திரும்பி வரும்போது கிண்ணத்தை மழையில காட்டிக் கழுவிக்குவேன்" என்று என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

எனக்கு நாற்பத்தாறு வயது. இதை நான் கேட்டதே இல்லை.

அம்மா பேச்சை நிறுத்தாமலே தம்ளரை என் பக்கம் நீட்டினார். ரசம். எழுந்திருக்காமலேயே ஊற்றினேன்.